"நெம்ப அசதியா இருக்குதுங்க": அறிகுறியில் தொடங்கிச் சுரப்பி வரை தேடிப் போகும் வழி

எங்கள் லேபுக்கு யாரும் வியாதியின் பெயரோடு வருவதில்லை. "ஒரு மாசமா அசதிங்க", "கை நடுங்குதுங்க", "கழுத்து கருத்துப் போச்சுங்க" என்றுதான் வருவார்கள். பெருந்துறைப் பக்கம் ரத்தம் எடுத்து ரிப்போர்ட் கொடுப்பது என் வேலை. மருந்து எழுதுவது டாக்டர் வேலை, அதில் நான் கை வைக்கப் போவதில்லை. ஆனால் எந்த டெஸ்ட்டை எப்போது எடுப்பது, எந்த எண்ணை எதோடு சேர்த்துப் படிப்பது என்பதில் நடக்கும் குளறுபடியைத் தினமும் பார்க்கிறேன். ஹார்மோன் விஷயத்தில் ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு முடிவுக்கு வருவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

முதலில் அமைப்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். நாளமில்லாச் சுரப்பி என்றால் தனிக் குழாய் ஏதும் இல்லாமல் தன் சரக்கை, அதாவது ஹார்மோனை, நேராக ரத்தத்தில் விடுகிற சுரப்பி. மூளைக்கு அடியில், பட்டாணி அளவில், அரை கிராம் எடையில் பிட்யூட்டரி இருக்கிறது. அதற்கு மேலே இருக்கிற ஹைப்போதலாமஸ் அதை ஏவும். பிட்யூட்டரி, தொண்டையில் இருக்கும் தைராய்டையும், இரண்டு சிறுநீரகங்களின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரீனலையும், பெண்களுக்குச் சூலகத்தையும் ஆண்களுக்கு விதையையும் ஏவும். கணையமும் பாராதைராய்டும் இந்த அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, கால்சியம் எவ்வளவு என்று அவையே பார்த்து வேலை செய்யும்.

தோட்டத்தில் கோயமுத்தூர் மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவருக்கு இது சுலபமாகப் புரியும். தொட்டியில் தண்ணி குறைந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரை ஓட்டும், நிறைந்தால் நிறுத்தும். தொட்டி காலியாக இருக்கிறது, ஸ்டார்ட்டர் விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது என்றால் கோளாறு மோட்டாரில். தொட்டியும் காலி, ஸ்டார்ட்டரும் சத்தமில்லை என்றால் கோளாறு ஸ்டார்ட்டரில். தைராய்டு ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். என்பது பிட்யூட்டரியின் ஏவல், டி4 (தைராக்ஸின்) என்பது தைராய்டின் சரக்கு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எங்கே பழுது என்று தெரியும்.

ஆகவே கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் கேட்க வேண்டியது இதுதான்: பழுது சுரப்பியிலா, அதை ஏவுகிற இடத்திலா, வெளியிலிருந்து உள்ளே போன மருந்திலா, இல்லை ரத்தம் எடுத்த நேரத்திலா?

"அசதியா இருக்குது, உடம்பு போடுது, எல்லாருக்கும் வேர்த்தா எனக்குக் குளுருது"

முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். ரத்தசோகையை விட்டுவிட்டுத் தைராய்டைத் துரத்துகிறவர்கள் அதிகம். அது சரியாக இருந்து, மலச்சிக்கலும் முடி கொட்டுவதும் குரல் கட்டுவதும் சேர்ந்திருந்தால் டி.எஸ்.எச்., ப்ரீ டி4 இரண்டையும் எடுங்கள்.

பெரியவர்களுக்கு டி.எஸ்.எச். பெரும்பாலான லேப்களில் 0.4 முதல் 4 வரை சரி என்று போட்டிருக்கும். கர்ப்பிணிகளுக்குக் கணக்கு வேறு. டி.எஸ்.எச். 10-க்கு மேல், டி4 குறைவு என்றால் பழுது தைராய்டிலேயே இருக்கிறது. டாக்டர் மாத்திரை தொடங்குவார். 4-க்கும் 10-க்கும் நடுவில் நின்று, டி4 சரியாக இருந்தால் பயந்து ஓட வேண்டாம். காய்ச்சல் வந்து தேறும் சமயத்தில்கூட அது கொஞ்சம் ஏறும். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்து, உடம்பே தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டும் ஆன்டி டி.பி.ஓ. டெஸ்ட்டும் பார்த்துத்தான் முடிவு எடுப்பார்கள். கர்ப்பமாக இருப்பவரும் பிள்ளைக்குக் காத்திருப்பவரும் மட்டும் அந்த இரண்டு மாதம் காத்திருக்கக் கூடாது.

இனி, மாத்திரை சாப்பிட்டும் டி.எஸ்.எச். இறங்கவில்லை என்பவர்களுக்கு. எங்களிடம் அதிகம் வரும் புகார் இதுதான், டோஸ் போதவில்லை என்று அவர்களே முடிவு செய்துகொண்டு வருவார்கள். "மாத்தரை எப்பங்க போடுவீங்க?" என்று கேட்டால், "எந்திரிச்ச ஒடனே, காப்பியோடங்க" என்று பதில் வரும். தைராக்ஸின் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டிய மாத்திரை. அதன்பின் அரைமணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், காப்பியோ பலகாரமோ கூடாது. சத்து மாத்திரை என்று தரும் இரும்பு, கால்சியம் இரண்டும் தைராக்ஸினைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். நாலு மணி நேர இடைவெளி வேண்டும். காலை மாத்திரையோடு எல்லாவற்றையும் ஒரே கையில் அள்ளிப் போட்டுக்கொள்வதுதான் பல வீடுகளில் வழக்கம். டப்பா எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். அடுப்புக்கு மேல் தட்டில் இருந்தால் சூடும் ஈரமும் அதைக் கெடுத்துவிடும்.

டோஸ் மாற்றினால் ஆறு வாரமாவது கழித்துத்தான் டெஸ்ட். தைராக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும், அதனால் புது அளவுக்கு உடம்பு படிய நாள் பிடிக்கும். பத்தாம் நாளே வந்து ஊசியை நீட்டச் சொன்னால் காசுதான் தண்டம்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சில மெஷின்கள் பயோட்டினைக் கொண்டே ஹார்மோனை அளக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் கூடுதலாக இருந்தால் டி.எஸ்.எச். பொய்யாக இறங்கும், டி4 பொய்யாக ஏறும். அசதியோடு வந்தவருக்குத் தைராய்டு அதிகம் என்று ரிப்போர்ட் போகும்! இரண்டு நாள் நிறுத்திவிட்டு வந்தால் போதும்.

உப்பைப் பற்றி ஒன்று. நம் வீடுகளில் கல்லுப்பு பழக்கம் அதிகம், இப்போது இந்துப்பும் சேர்ந்துவிட்டது. அயோடின் சேர்த்தது என்று பொட்டலத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாங்கும் இடத்தில் கிலோவுக்கு 15 மி.கி. அயோடினாவது இருக்க வேண்டும் என்பது அரசின் விதி. அது தைராக்ஸினின் மூலப்பொருள், அது இல்லாவிட்டால் கழுத்துக் கழலைதான். ஆனால் பரம்பரையாக, தன் உடம்பே தைராய்டைத் தாக்குவதால் வரும் குறைவுக்கு உப்பை மாற்றினால் தீராது.

"படபடன்னு வருது, கை நடுங்குது, தின்னது ஒடம்புல ஒட்டவே மாட்டேங்குது"

இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல் மேல் ஒரு வெள்ளைத்தாளை வையுங்கள். தாள் சிலிர்சிலிர் என்று ஆடினால் தைராய்டு டெஸ்ட் எடுக்கக் காரணம் இருக்கிறது. டி.எஸ்.எச். அடியில், டி4 மேலே என்று வந்தால் தைராய்டு அதிகம். ஆனால் இங்கேயும் இரண்டு வழி. சுரப்பி அளவுக்கு மீறி உற்பத்தி செய்கிறதா, இல்லை வீங்கிப் போய், சேர்த்து வைத்த சரக்கை ஒழுக விடுகிறதா? பிள்ளை பெற்ற சில மாதங்களிலோ, காய்ச்சலுக்குப் பின் கழுத்து வலியோடோ வந்தால் பெரும்பாலும் ஒழுகல்தான். அது தானே அடங்கும், உற்பத்தியைத் தடுக்கும் மாத்திரையால் அதற்குப் பயன் இல்லை. கண் பிதுங்கி, கழலையும் இருந்தால் மற்றது. தெரியாவிட்டால் ஸ்கேனோ, தைராய்டைத் தூண்டிவிடும் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் டி.ஆர்.ஏபி. டெஸ்ட்டோ சொல்லிவிடும்.

அந்த உற்பத்தியைத் தடுக்கும் கார்பிமசோல் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் காய்ச்சலோடு தொண்டைவலி வந்தால் அன்றே மாத்திரையை நிறுத்தி, வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். அபூர்வமாக அந்த மருந்து வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும். "சளிதானுங்க" என்று சுக்குக்காப்பி குடித்துப் படுத்துவிடக் கூடாது.

"தாகம் அடங்கலை, ராத்திரி நாலு தடவை எந்திரிக்கறேன்"

எறும்பு மொய்ப்பதைப் பார்த்துச் சர்க்கரையைக் கண்டுபிடித்த ஊர் நம்முடையது. இப்போது எண் இருக்கிறது. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200 அல்லது அதற்கு மேல், மூன்று மாத சராசரி (எச்.பி.ஏ.1சி) 6.5 சதவீதமோ அதற்கு மேலோ. இதில் ஏதாவது ஒன்று வந்தால், அறிகுறி தெளிவாக இல்லாதபோது இன்னொரு டெஸ்ட் எடுத்து உறுதி செய்வார்கள். கணையம் வயிற்றுக்குப் பின்னால் கிடக்கிறது. அதற்குள் சின்னச் சின்னத் திட்டுகளாக இருக்கும் செல்கள்தான் இன்சுலினைச் செய்கின்றன, 1869-இல் லாங்கர்ஹான்ஸ் கண்டு சொன்ன திட்டுகள். அந்தச் செல்கள் அழிந்தாலும் சர்க்கரை ஏறும். இன்சுலின் இருந்தும் உடம்பு அதைக் கேட்காவிட்டாலும் ஏறும். நடுவயதில் வருவது பெரும்பாலும் இரண்டாவது.

மூன்று மாத சராசரியை மட்டும் நம்பிவிடாதீர்கள். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அது உள்ளதைவிடக் கூடக் காட்டலாம். ரத்தம் ஏற்றியிருந்தாலோ, சிவப்பணு சீக்கிரம் உடைகிற வியாதி இருந்தாலோ பொய்யாகக் குறையலாம். விரல்நுனியில் 220 காட்டுகிறது, சராசரி 6 என்று வருகிறது என்றால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

"வெள்ளச்சக்கரையை உட்டுட்டனுங்க, நாட்டுச்சக்கரைதான்" என்பவர்கள் பலர். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் கவுந்தப்பாடிச் சரக்கானாலும் அது கரும்புச் சர்க்கரைதான். ரத்தத்தில் ஏறும் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. அதேபோல, காப்பியில் சர்க்கரையை நிறுத்திவிட்டு அரிசிம்பருப்புச் சோற்றை நெய் ஊற்றி மூன்று தட்டு சாப்பிடுகிறவரை நான் என்ன சொல்ல!

சர்க்கரை சரியாக இருந்தும் தாகம் நிற்கவில்லையா? ஒரு நாள் முழுக்க மூத்திரத்தை அளவு போட்ட ஜாடியில் பிடியுங்கள். அடிக்கடி போகிறார், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக என்றால், வயதான ஆணுக்குப் புராஸ்டேட்டைப் பார்க்க வேண்டும். மூன்று லிட்டருக்கு மேல், தண்ணி மாதிரி வெளுப்பாக என்றால், கால்சியம் பார்க்க வேண்டும். அதுவும் சரியென்றால், சிறுநீரகத்துக்குத் தண்ணியைப் பிடித்து வைக்கச் சொல்லும் வாசோபிரசின் என்ற பிட்யூட்டரி ஹார்மோன் மேல் சந்தேகம் போகும். தண்ணி குடிக்காமல் இருந்து பார்க்கும் சோதனை ஆஸ்பத்திரியில் வைத்துச் செய்வது. வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

அவசரம் ஒன்று. படுக்கையில் ஒன்றுக்கிருப்பதை நிறுத்திய பிள்ளை மறுபடி தொடங்கி, மெலிந்து, தண்ணி தண்ணி என்று கேட்டால் பூச்சி மருந்து கொடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். அன்றைக்கே சர்க்கரை பாருங்கள். வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக மேல்மூச்சு சேர்ந்தால் நேராக ஆஸ்பத்திரி.

"திடீர்னு வேர்த்துக் கொட்டி, கிறுகிறுன்னு வருது"

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போடுகிறவர் என்றால் மெஷினில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ், பதினைந்து நிமிடத்தில் மறுபடி அளவு. மெஷின் கையில் இல்லாவிட்டாலும் சர்க்கரையைக் கொடுத்துவிடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களில் இது வழக்கமாக வரும். விரதம் என்று சாப்பாட்டைக் குறைத்துவிட்டு, மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுவிட்டு, நாளெல்லாம் நடப்பார்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை என்றால் ஒருமுறை ஏறிய சர்க்கரை சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும், தேறிவிட்டார் என்று தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். கிளம்பும் முன்பே டாக்டரைக் கேட்டு மாத்திரை அளவை மாற்றிக்கொள்வதுதான் முறை.

"கழுத்து கருத்துப் போச்சு" / "ஆளே கருத்துப் போச்சு"

இரண்டும் வேறு வேறு. கழுத்தின் பின்புறம், அக்குளில் மட்டும் தடித்து, சொரசொரப்பாகக் கருத்தால் அது பெரும்பாலும் இன்சுலினை உடம்பு கேட்காததன் அடையாளம். பாசிப்பயறு மாவு போட்டுத் தேய்த்தால் தோல்தான் புண்ணாகும். சர்க்கரை, எடை, ரத்தக்கொழுப்பு பார்க்க வேண்டும்.

ஆள் மொத்தமும் கருத்து, மெலிந்து, எழுந்தால் கண் இருட்டி, உப்பை அள்ளித் தின்னத் தோன்றினால் விஷயம் வேறு. உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். வெயிலில் வேலை செய்து கருத்த கையில் ரேகைப் பள்ளம் வெளுப்பாகவே இருக்கும். அந்தப் பள்ளமும் கருத்து, ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் கருநீலத் திட்டு இருந்தால் அட்ரீனல் சுருங்கிப் போயிருக்கலாம். அட்ரீனலின் சரக்கான கார்டிசால் குறைந்ததால் பிட்யூட்டரி ஏவலைக் கூட்டுகிறது, அந்த ஏவல் ஹார்மோனே தோலைக் கருக்க வைக்கிறது. 1855-இல் அடிசன் எழுதி வைத்த வியாதி. நம் நாட்டில் காசநோய் அட்ரீனலில் உட்கார்ந்தும் இது வரும், அதனால் மார்பு எக்ஸ்ரே சேர்த்துப் பார்ப்பார்கள்.

கார்டிசால் டெஸ்ட் காலை 8 மணி என்று எழுதியிருப்பார்கள். பகலில் விழித்து இரவில் தூங்குகிறவருக்கு அப்போதுதான் அது உச்சத்தில் இருக்கும். ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்து கை நீட்டினால் எண் குறைவாக வரலாம், இல்லாத வியாதி இருப்பதாகத் தெரியலாம். ஷிப்ட் முறையை எங்களிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள்.

"மூஞ்சி வட்டமாப் போச்சு, தொட்டா தோல் கன்னிப் போகுது"

இதற்கு முதல் டெஸ்ட் ரத்தம் அல்ல, பைக்குள் இருக்கும் பொட்டலம். சென்னிமலைப் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் மூட்டுவலிக்கு வாங்கிய பொடியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டு வந்தார். பெயர் இல்லை, தேதி இல்லை. "போட்ட அரைமணி நேரத்துல வலி ஓடிப் போவுதுங்க" என்றார். கன்னம் உப்பி, வயிறு முன்னால் வந்து, கையும் காலும் குச்சியாகியிருந்தன. முழங்கையில் ரத்தம் கட்டிய கருநீலத் தழும்புகள். காலை கார்டிசால் எடுத்தால் அடியோடு குறைவு. வெளியே பார்த்தால் கார்டிசால் அதிகமான உருவம், ரத்தத்தில் கார்டிசாலே இல்லை. இந்த முரண் வந்தால் கார்டிசால் மாதிரியே வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்து வெளியிலிருந்து உள்ளே போகிறது என்று நினைக்க வேண்டும். தைராக்ஸின் மாத்திரை டி4 டெஸ்ட்டில் தெரிவது மாதிரி அந்த மருந்து கார்டிசால் டெஸ்ட்டில் பெரும்பாலும் அகப்படாது, அட்ரீனலைத் தூங்க வைத்துவிட்டு அது மட்டும் வேலை பார்க்கும்.

இங்கேதான் பெரிய ஆபத்து. தெரிந்ததும் ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. தூங்குகிற அட்ரீனல் உடனே எழாது. பிரஷர் இறங்கி, வாந்தி எடுத்து, உயிருக்கே மோசமாகும். டாக்டர் அளந்த ஸ்டீராய்டைக் கொடுத்து, மெதுவாகக் குறைப்பார். சிவப்பாக்கும் கிரீம், ஆஸ்துமா மாத்திரை, மூட்டில் போடும் ஊசி எல்லாம் இதே கணக்கில் வரும்.

வெளியிலிருந்து எதுவும் போகவில்லை என்று உறுதியானால்தான் இரவு 11 மணிக்கு 1 மி.கி. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துக் காலையில் கார்டிசால் அடங்குகிறதா என்று பார்க்கும் சோதனை.

"மாசாமாசம் வர்றதில்லைங்க"

முதலில் கர்ப்பமா என்று பாருங்கள், எத்தனை வயதானாலும். பிறகு டி.எஸ்.எச்., பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின். இவை சரியாக இருந்து, முகத்தில் முடியும் பருவும் சேர்ந்திருந்தால்தான் ஆண் ஹார்மோன் கூடி மாதவிலக்கு தவறும் பி.சி.ஓ.எஸ். பற்றிப் பேச்சு. ஸ்கேனில் "சூலகத்தில் நீர்க்கட்டி" என்று எழுதியிருப்பது மட்டும் வியாதி ஆகாது.

புரோலாக்டின் அதிகம், பிள்ளை இல்லாமலே மார்பில் பால் கசிகிறது என்றால் மூளை ஸ்கேனுக்கு ஓடும் முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள். நெஞ்செரிச்சல் மாத்திரையோடு கலந்து வரும் டோம்பெரிடோன், வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைடு, சில மனநல மருந்துகள் எல்லாம் அதை ஏற்றும். ஊசியைக் கண்டு பயந்தாலே கொஞ்சம் ஏறும்.

இனிச் சொல்லப்போவது அபூர்வம், ஆனால் தவறவிட்டால் ஆளையே கொண்டுபோகும். பிரசவத்தில் ரத்தம் நிறையப் போனது, பால் சுரக்கவே இல்லை, அதன்பின் மாதவிலக்கும் திரும்பவில்லை, வருடக்கணக்கில் அசதி. கர்ப்ப காலத்தில் பெருத்திருக்கும் பிட்யூட்டரி ரத்தம் கிடைக்காமல் செத்துப் போயிருக்கலாம். 1937-இல் ஷீஹன் விவரித்தது. இவர்களுக்கு டி.எஸ்.எச். மட்டும் எடுத்தால் "நார்மல்" என்று வந்துவிடும், டி4 பார்த்தால்தான் குறைவு தெரியும். கார்டிசாலும் குறைந்திருக்கும். முதலில் கார்டிசாலை ஈடு செய்த பிறகே தைராக்ஸின் தொடங்க வேண்டும், வரிசை மாறினால் அட்ரீனல் நெருக்கடி வரும். பிரசவக் கதையை யாரும் கேட்க மாட்டார்கள், ஆத்தாவோ மாமியாரோ கூட வந்தால் அவர்களே எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

"விரல் இழுத்துப் புடிக்குது, வாயைச் சுத்திக் குறுகுறுங்குது"

கால்சியம் குறைவு. தைராய்டு ஆபரேஷன் ஆனவர்களுக்கு முதல் சில நாட்களில் வந்தால் உடனே சொல்ல வேண்டும். அதன் முதுகில் ஒட்டியிருக்கும் நாலு பாராதைராய்டும் அரிசி அளவுதான், கத்திக்கு அகப்பட்டிருக்கலாம். பி.பி. பட்டையைக் கையில் இறுக்கி மூன்று நிமிடம் வைத்தால் கட்டைவிரல் உள்ளே மடங்கி, மற்ற விரல்கள் நீட்டிக் குவியும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. வைட்டமின் டி, மக்னீசியம் சேர்த்துப் பாருங்கள். வருடக்கணக்கில் நெஞ்செரிச்சல் மாத்திரை சாப்பிட்டாலும் மக்னீசியம் குறைந்து கால்சியத்தையும் இழுத்து இறக்கும். ரிப்போர்ட்டில் அல்புமின் குறைவாக இருந்தால், 4-க்குக் கீழே ஒவ்வொரு கிராமுக்கும் கால்சியத்தில் 0.8 கூட்டிப் படிக்க வேண்டும்.

எதிர்ப்பக்கம்: சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வந்தால் "போர்த்தண்ணி உப்புங்க" என்று விட்டுவிடாமல் ஒருமுறை கால்சியமும் பாராதைராய்டின் ஹார்மோனான பி.டி.எச்.-உம் பாருங்கள். இரண்டும் கூட இருந்தால் பாராதைராய்டில் ஒரு கட்டி இருக்கலாம், எடுத்தால் தீரும்.

அபூர்வமானவை

தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து வந்து வந்து போய், அந்த நேரத்தில் மட்டும் பிரஷர் எகிறினால் அட்ரீனலின் உள்பகுதியில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்யாண மோதிரம் ஏறவில்லை, செருப்பு அளவு கூடுகிறது, தாடை நீள்கிறது என்றால் வளர்ச்சி ஹார்மோன் அதிகமா என்று பார்க்க வேண்டும்.

பிள்ளைகள்

பிறந்த குழந்தைக்கு இரண்டு மூன்று நாளில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து டி.எஸ்.எச். பாருங்கள். தைராய்டு குறைவு இருந்தால் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் மூளை வளர்ச்சி காப்பாற்றப்படும், தள்ளிப் போனால் போனதுதான். பள்ளிக்கூடப் பிள்ளை வருடத்துக்கு 5 செ.மீ. கூட வளரவில்லை என்றால் "அப்பன் குட்டை" என்று சமாதானம் சொல்லாமல் காட்டுங்கள். பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்னும் பையனுக்கு 9-க்கு முன்னும் பருவ மாற்றம் தொடங்கினாலும் அதேதான்.

ரத்தம் கொடுக்க வரும்போது

தைராய்டு மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். புரோலாக்டினுக்கு எழுந்து இரண்டு மணி நேரமாவது ஆன பிறகு வந்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுக் கை நீட்டுங்கள். சாப்பிட்ட பின் சர்க்கரைக்கு முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம். வெறும் வயிறு என்றால் எட்டு மணி நேரம், தண்ணி மட்டும் குடிக்கலாம். "வரக்காப்பிதானுங்க, பால் ஊத்தலை" என்றாலும் அன்றைக்கு எடுக்க மாட்டோம், மறுநாள் வரச் சொல்வோம்.